அசலோடு ஒப்பிட்ட தவளை

ஜூன் 9, திங்கள்

இன்றிலிருந்து தவளைகள் என் பொறுப்பு. நான் கேட்டு வாங்கியதல்ல. மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் காலை ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறாள். செருப்பு மாட்டிக்கொண்டே, பால் பாக்கெட்டை எடுத்து வைக்கச் சொல்வது மாதிரி சொன்னாள்: "தவளைங்கள பாத்துக்குங்க. புழு ஃப்ரீஸர்ல இருக்கு."

ஃப்ரீஸரில் புழு இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். ஐஸ்கிரீம் டப்பாவை ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக அந்த ஐஸ்கிரீமை நம்பிச் சாப்பிட்டிருக்கிறேன்.

தவளைகள் இரண்டு. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு. மகள் பள்ளியில் படித்தபோது வாங்கி வந்தவை. கரைக்கே வராத வகை. முழு நேரமும் ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் தண்ணீருக்குள்தான், மூச்சு வாங்க மட்டும் மேலே வரும். ஒன்று எதற்கும் அசையாமல் மிதந்துகொண்டே இருக்கும் என்பதால் அதற்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்தாள். இன்னொன்று எதைக் கண்டாலும் இரண்டு கையாலும் அள்ளி வாய்க்குள் தள்ளும். அது வக்கீல்.

மகள் பிப்ரவரியில் கால்நடை மருத்துவம் படிக்க வெளியூர் போனாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அம்மாவோடு தினமும் பேசுகிறாள். தவளைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பதாகத் தகவல் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

அலமாரிக் கதவின் உள்பக்கம் மகள் ஒட்டிவிட்டுப் போன தாள் இருக்கிறது. தலைப்பு: "அம்மாவுக்கு". பதினொரு விதிகள். முதல் விதி, மூடி எப்போதும் மூடியே இருக்க வேண்டும்; வெளியே குதித்தால் சில மணி நேரத்தில் காய்ந்து செத்துவிடும். இரண்டாவது, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின் போக மருந்துச் சொட்டு விட வேண்டும். மூன்றாவது, அவற்றுக்குக் கண் சரியாகத் தெரியாது, புழுவை மூக்குக்கு நேரே கொண்டுபோய் நீட்ட வேண்டும்.

பதினொன்றாவது விதி: "அப்பாகிட்ட குடுக்காதே. ரெஜிஸ்டர் போட்டுடுவார்."

சிரிப்பு வரவில்லை. ரெஜிஸ்டரை நேற்றே போட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ரெஜிஸ்டரில் ஆறு பத்திகள்: தேதி, நேரம், கொடுத்த புழு, தின்ற புழு, மிச்சம், குறிப்பு. இதில் என்ன தவறு இருக்கிறது? ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா?

தின்ற புழு பத்தியை நிரப்புவதுதான் பெரும்பாடு. இடுக்கியில் புழுவைப் பிடித்து ஜட்ஜின் மூக்குக்கு நேரே நீட்டுகிறேன். ஜட்ஜ் என்னைப் பார்க்கிறார். புழுவைப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் யோசிக்கிறார். பிறகு புழு இருந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் தள்ளி, வெறும் தண்ணீரை ஒரு கடி கடிக்கிறார். அதற்குள் வக்கீல் வந்து புழுவை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இது நீதிமன்றங்களிலும் நடப்பதாகக் கேள்வி.

அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதம். எதிர் மேசை அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். தவளைக்கு ஊட்டிவிட்டு வந்தேன் என்று ஒரு பிரிவுக் கண்காணிப்பாளர் எப்படிச் சொல்வது?

ஜூன் 14, சனி

மகள் ஏன் பேசுவதில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். யாராவது ஒரு இடத்தில் நடந்ததை நடந்தபடி பதிவு செய்ய வேண்டும்.

எனக்குத் தேர்வு வாரியத்தில் சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவு. இருபத்து மூன்று வருடம். வேலைக்கோ படிப்புக்கோ கொடுக்கப்பட்ட சான்றிதழ் உண்மையானதுதானா என்று கேட்டு எழுதுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, "அசலுடன் ஒப்பிடப்பட்டது" என்று முத்திரை குத்துவேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பிடித்தால் போதும், தாள் தானே பேசிவிடும். ஒரே ஒரு போலிகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. இது பெருமைக்காகச் சொல்வதல்ல. சரி, பெருமைக்காகவும்தான்.

ஜனவரியில் மகளுக்குக் கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. நாட்டில் எத்தனை போலிச் சேர்க்கைக் கடிதங்கள் சுற்றுகின்றன என்று எனக்குத் தெரியும். ஒரு அப்பா விசாரிக்கக் கூடாதா? அலுவலகத் தாளில் முறைப்படி எழுதினேன்: இக்கடிதம் தங்களால் வழங்கப்பட்டதுதானா? வாரியமே சந்தேகப்படுகிறது என்று கல்லூரிக்காரர்கள் மிரண்டுபோனார்கள். அவள் சேர்க்கையை நிறுத்திவைத்து, அவளுடைய மதிப்பெண் சான்றிதழ் உண்மையா என்று வாரியத்தைக் கேட்டார்கள். அந்தக் கடிதம் என் மேசைக்கே வந்தது. சொந்த மகள் விஷயத்தில் நான் கையெழுத்துப் போடுவது முறையல்ல. மேலதிகாரிக்கு அனுப்பினேன். அவர் பதினாறு நாள் விடுப்பில் இருந்தார்.

அதற்குள் அவளுக்கு ஒதுக்கிய விடுதி அறை வேறு யாருக்கோ போய்விட்டது. இப்போது கல்லூரியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், நான்கு பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள். கிளம்பும் அன்று வாசலில் நின்று சொன்னாள்:

"பெத்த பொண்ணு ஒரிஜினலான்னு லெட்டர் போட்டுக் கேட்ட ஒரே அப்பா நீங்கதான்."

எந்த விதியை மீறினேன்? ஒன்றைக்கூட மீறவில்லை. அதுதான் கோளாறு என்கிறாள் மனைவி. எனக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதும் நன்றாக இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலை 6.50. ஜட்ஜ் காலமானார்.

கை கால்களை விரித்து, ஒரு காலை மட்டும் ஒயிலாக நீட்டி, மேலே மிதந்துகொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். அசைவில்லை. குறிப்புப் பத்தியில் "இறந்தது" என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டேன். அவள் கேட்டால் என்ன சொல்வது?

லேபுக்குப் போன் செய்தேன். மனைவி கேட்டாள், "தொட்டுப் பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"தொடாம, பாக்காம, செத்துப்போச்சுன்னு எத வெச்சு சொல்றீங்க?"

இருபத்து மூன்று வருடம் நான் பிறரைக் கேட்ட கேள்வி.

டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அது தண்ணீரைத் தொட்டதும் இறந்தவர் ஒரே உதையில் தொட்டியின் அடுத்த மூலைக்குப் போய், அங்கிருந்து என்னை வெறுப்போடு பார்த்தார். அவர் ஓய்வெடுக்கும் விதமே அதுதானாம். விதி எட்டில் இருக்கிறது. நான் ஏழு வரை படித்துவிட்டு நேராகப் பதினொன்றுக்குப் போயிருந்தேன்.

ரெஜிஸ்டரில் அடித்து எழுதியது: "மேற்படி பதிவு ரத்து. இறந்தவர் மூன்று புழு உட்கொண்டார்."

ஜூன் 18, புதன்

மனைவி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை. அலுவலக ஆவணமாக இருந்தால் நடவடிக்கை எடுத்திருப்பேன்.

மாலை நாலு இருபதுக்கு என் போனில் ஒரு செய்தி. மகளிடமிருந்து, நான்கு மாதம் கழித்து.

"அது அப்படித்தான் மிதக்கும். புழுவ லேசா ஆட்டிக் காட்டுங்க."

எதிர் மேசை அம்மா, "என்ன சார், நல்ல சேதியா?" என்று கேட்டார். ஆமாம், ஒரு நிலுவைக் கோப்பு நகர்ந்தது என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

தினமும் ஒரு படமும் ஒரு வரியும் அனுப்புகிறேன். நேற்று அனுப்பியது: "இன்று காலை 6.40 மணியளவில் இரு தவளைகளும் நல்ல நிலையில் காணப்பட்டன."

பதில்: "அப்பா, இது என்ன மெமோவா?"

அப்பா என்று எழுதியிருக்கிறாள். மதியத்துக்குள் நான்கு முறை போனை எடுத்துப் பார்த்தேன், அந்த வார்த்தை அங்கேயே இருக்கிறதா என்று.

ஜூலை 6, ஞாயிறு

போனில் பேசினாள். பதினொரு நிமிடம். ஒன்பது நிமிடம் தவளை, இரண்டு நிமிடம் என் முட்டி வலி. நான் பேசியதில் பெரும்பகுதி "ம்". வைத்த பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

ஜூலை 9, புதன்

ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில் அங்க அடையாளங்கள் என்று ஒரு பகுதி சேர்த்தேன். ஜட்ஜ்: முதுகில் மூன்று கரும்புள்ளி. முன்பு நான்கு இருந்ததாக ஒரு ஞாபகம். மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க எப்ப அத பாத்தீங்க?" என்றாள். பிறகு வெங்காயம் நறுக்கத் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. வெங்காயம் காரம் போல.

மாலையில் வக்கீல் பாடுகிறது. காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும், பழைய ஃப்ரிட்ஜ் ஓடுவது மாதிரி ஒரு ரீங்காரம். நானும் கொஞ்ச நேரம் காதை வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று மேலிருந்து ஒரு படம், அருமையாக வந்தது. மூடியில் வெளிச்சம் பட்டு மினுக்குவதால் மூடியை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டு எடுத்தேன். அனுப்பிய கையோடு மகளிடமிருந்து ஒரு இதயம் வந்தது. தவளைக்குத்தான் என்றாலும் வந்தது என் போனுக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலதிகாரி போனில் கூப்பிட்டார், அவசரக் கோப்பு. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

ஜூலை 16, புதன்

மூடி.

நேற்று காலையிலிருந்து மூடி சுவரில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறது. நேற்று மாலை ஜட்ஜைக் காணவில்லை என்றபோதுகூட, செடிக்குள் ஒளிந்திருப்பார் என்று ரெஜிஸ்டரில் எழுதி வைத்தேன். இன்று பெருக்கும்போது செருப்பு அலமாரிக்கு அடியில் காய்ந்த இலை மாதிரி ஏதோ ஒன்று. துடைப்பத்தால் தள்ளப் போனேன். இலைக்கு விரல்கள் இருந்தன.

தொட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை தொட்டுப் பார்த்தேன்.

ஒரு கட்டைவிரல் அளவு பிராணிக்காக ஐம்பத்து நாலு வயதில் செருப்பு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். வேறெப்படி எழுதுவது? நான்தான் கொன்றேன். பதினொரு விதியில் முதல் விதி அது. தொட்டியிலிருந்து அவ்வளவு தூரம் தண்ணீர் தேடிப் போயிருக்கிறது, கண்ணும் தெரியாமல்.

அவகிட்ட எப்படி சொல்றது. இப்பதான பேச ஆரம்பிச்சா. பதினொரு நிமிஷம்.

ஜூலை 17, வியாழன்

அரை நாள் விடுப்பு. காரணம்: சொந்த வேலை.

அலுவலக லென்ஸையும் ஜட்ஜின் படங்களையும் எடுத்துக்கொண்டு தவளை விற்கும் கடைக்குப் போனேன். தொட்டியில் பத்துப் பன்னிரண்டு சின்னத் தவளைகள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீளம், நிறம், முகவெட்டு, முதுகுப் புள்ளி மூன்று, இடது தொடையில் ஒரு திட்டு. முக்கால் மணி நேரம். கடைக்காரர் இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார். கடைசியில் ஒன்று கிடைத்தது. அச்சு அசல் ஜட்ஜ். அசலுடன் ஒப்பிடப்பட்டது.

நாளைக்குப் படம் அனுப்ப வேண்டும். இது பொய் அல்ல. படத்தில் இருப்பது தவளைதான்.

ஜூலை 18, வெள்ளி

அனுப்பினேன். கண்ணாடியில் கையை ஊன்றி நிற்கும் படம், முன்பக்கம் தெளிவாகத் தெரிய. வழக்கமாக உடனே பதில் வரும். இன்று நாற்பது நிமிடம் ஆனது. நாற்பது நிமிடமும் ஒரே சான்றிதழின் மேல் கண்ணை வைத்திருந்தேன். அது யாருடையது என்று இப்போது கேட்டால் தெரியாது.

"ஜட்ஜ் நல்லாருக்காரு போல. ஞாயித்துக்கெழம கூப்பிடறேன்ப்பா."

என்னை ஒருவனும் ஏமாற்ற முடியாது என்று இருந்தேன். நான் ஏமாற்றுவேன் என்று நினைக்கவில்லை. இவ்வளவு நன்றாகச் செய்வேன் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஒரு போலி பிடிபட்டது. லிஃப்ட் மெக்கானிக், நாற்பது வயது இருக்கும். பயிற்சிச் சான்றிதழை அவரே கம்ப்யூட்டர் கடையில் தயாரித்திருக்கிறார். ஆனால் பதிவேட்டில் பார்த்தால் பரீட்சையில் அவர் உண்மையிலேயே தேறியிருக்கிறார். பிறகு ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

"ஒரிஜினல் தண்ணியில நனஞ்சு வீணாப்போச்சு சார். வீட்ல சொல்ல பயம். அதான் அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சேன்."

இந்த மாதிரி ஆட்களிடம் சொல்ல என்னிடம் ஒரு பேச்சு உண்டு. நகல் எத்தனை நன்றாக இருந்தாலும் அசல் ஆகாது என்று தொடங்கும். தொடங்கினேன். முடிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து மறுபிரதிக்கான படிவத்தை எடுத்து, நானே நிரப்பி, எங்கே கையெழுத்துப் போடுவது என்று விரலால் காட்டினேன்.

அவர் போன பிறகு எதிர் மேசை அம்மா கேட்டார், "உடம்பு சரியில்லையா சார்?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜட்ஜ் வளர்கிறார்.

முதலில் நல்ல கவனிப்பு என்று நினைத்தேன். இப்போது வக்கீலைப் போல ஒன்றரை மடங்கு. புழுவை மூக்குக்கு நேரே நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. நான் ஃப்ரீஸரைத் திறந்தாலே கண்ணாடியில் வந்து மோதுகிறார். பழைய ஜட்ஜ் ஒரு புழுவுக்குப் பத்து நிமிடம் விசாரணை நடத்துவார். இவர் உடனுக்குடன் தீர்ப்பு.

மனைவி தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஜட்ஜுக்குப் பதவி உயர்வு குடுத்துட்டாங்களா?" என்றாள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன்.

மகளுக்கு அனுப்பும் படங்களில் இப்போது வக்கீலை முன்னால் வர வைத்து, ஜட்ஜ் பின்னால் போகும்போது எடுக்கிறேன். அளவு தெரியாது. இந்தத் தந்திரத்தை, புகைப்படத்தைச் சுருக்கி ஒட்டும் ஆட்களிடமிருந்து கற்றேன். அவர்களில் பதினேழு பேரை நான் பிடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்போது முக்கால் மணி நேரம். முதல் முறை ஒரு பசுவுக்கு ஊசி போட்டதைச் சொன்னாள். பசு நகர்ந்து, ஊசி வாத்தியாருக்குப் போகவிருந்ததாம். நான் சத்தமாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். போனை வைத்ததும் தொட்டியைப் பார்த்தேன். ஜட்ஜும் என்னைப் பார்த்தார். எனக்குக் கிடைத்த சிரிப்பெல்லாம் இந்த ஆள் மேல்தான் நிற்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

"ஜட்ஜ் கொஞ்சம் பூசின மாதிரி இருக்காரே?" என்று மகள் கேட்டாள். கேமரா கோணம் என்றேன்.

"ஓ" என்றாள். நீளமான ஓ.

வக்கீல் பத்து நாளாகப் பாடுவதில்லை. செடிக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதே இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலையில் தொட்டியில் ஒரே ஒரு தவளை. அதன் வாயிலிருந்து ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. கால் உதைத்தது.

எப்படிச் செய்தேன் என்று தெரியாது. கையை விட்டு ஜட்ஜைப் பிடித்து, கரண்டிக் காம்பால் வாயை நெம்பி, வக்கீலை வெளியே எடுத்தேன். உயிர் இருக்கிறது. காலில் ஒரு கீறல். சாம்பார்ப் பாத்திரத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றி, அதில் விட்டு, தட்டால் மூடி, தட்டின் மேல் அகராதியை வைத்தேன். இன்று வேறு எதையும் நம்பத் தயாராக இல்லை.

செப்டம்பர் 24, புதன்

ஜட்ஜைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் எட்டிப் பார்த்த உடனே சொன்னார்.

"இது வேற வகை சார். குட்டியில ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கையப் பாத்தா போதும். உங்க பழைய தவளைக்கு வாத்துக் கால் மாதிரி கையிலயும் ஜவ்வு இருக்கும். இதுக்கு வெறும் விரல். இது வளந்தா உள்ளங்கை நிறைய வரும், பதினஞ்சு வருஷம் இருக்கும், வாயில அடங்கறது எல்லாத்தையும் தின்னும்."

அப்படியானால் எனக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"நான் எங்க சார் குடுத்தேன்? நீங்கதான் லென்ஸ் வெச்சு முக்கா மணி நேரம் பாத்துட்டு, 'இதேதான்'னு சொன்னீங்க. பெரிய ஆபீசராட்டம் இருந்தீங்க. நான் என்னத்த சொல்றது?"

முதுகைப் பார்த்தேன். புள்ளியை எண்ணினேன். தொடையில் திட்டைக்கூடப் பார்த்தேன். கையைப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று வருடமாகக் கையெழுத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன்.

இன்னொரு தொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். மூடியோடு.

அக்டோபர் 3, வெள்ளி

பதினெட்டாம் தேதி மகள் வருகிறாள். எட்டு நாள் விடுமுறை.

புதியவர் படுக்கையறையில் இருக்கிறார். வக்கீல் ஹாலில் தனியாக. மனைவி எதையும் கேட்கவில்லை. "ஜட்ஜுக்குத் தனி சேம்பரா?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

விளக்கக் கடிதம் ஒன்று எழுதினேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு, பொருள், பிறகு ஐந்து பத்தி. மனைவியிடம் காட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ரத்த ரிப்போர்ட் படிப்பது மாதிரி படித்தாள்.

"இதுல மன்னிப்பு எங்க இருக்கு?"

மூன்றாவது பத்தியில்.

"மூணாவது பத்தியில 'நடந்த நிகழ்வு வருந்தத்தக்கது'ன்னு இருக்கு. யாரு வருந்தறா?"

கிழித்துப் போட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஏழாவது வரைவு. எல்லாம் "காணப்பட்டது", "நேர்ந்தது", "கருதப்பட்டது". நான் என்ற வார்த்தையைப் போட்டுப் பார்த்தேன். ரொம்ப அம்மணமாக இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகத் தொட்டிக்குப் போனாள். வக்கீல் மட்டும். திரும்பி என்னைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். நின்றபடியே படித்தாள். கடைசியில் அதில் இருந்தது இவ்வளவுதான்:

"ஜட்ஜ் ஜூலை 15 அன்று செத்துப்போனது. மூடியைத் திறந்து வைத்தது நான். சொன்னால் நீ மறுபடியும் பேச மாட்டாய் என்று பயந்து வேறொன்றை வாங்கி வைத்தேன். அது வக்கீலைத் தின்னப் பார்த்தது. ஜனவரியில் அந்தக் கடிதத்தையும் நான் எழுதியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் சரிபார்த்துப் பழகிவிட்டேன். நம்பிப் பழகவில்லை. மன்னித்துக்கொள். அப்பா."

இரண்டு தடவை படித்தாள். மடித்தாள்.

"வாங்கும்போது கையப் பாத்தீங்களாப்பா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் மொத ஃபோட்டோலயே பாத்துட்டேன்."

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இவ்ளோ சீக்கிரம் வளந்துடும்னு நெனைக்கல. சொல்லிருந்தா மறுநாள் நீங்க ஃபோட்டோ அனுப்பியிருக்க மாட்டீங்க."

நான் திருதிருவென்று முழித்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சமையலறை வாசலில் நின்று, சொல்லு சொல்லு என்று கண்ணைக் காட்டினாள்.

"அப்பா, உங்ககிட்ட செத்தது மூணாவது ஜட்ஜ்."

முதல் ஜட்ஜ் வாங்கிய இரண்டாம் மாதமே போய்விட்டதாம். மருந்துச் சொட்டு விட மறந்து குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டாள். என்னிடம் சொன்னால் காரணம் கேட்டு எழுதி வாங்குவேன் என்று பயந்து, அம்மாவும் மகளும் போய் இன்னொன்று வாங்கி வந்திருக்கிறார்கள். இரண்டாவது அவளுடைய பரீட்சை சமயத்தில், ஏதோ நோய். அதையும் மாற்றினார்கள். எங்கே, எப்போது என்று கேட்டேன்.

"இங்கதான். இந்த ஹால்லதான். ரெண்டு தடவையும் நீங்க அந்த நாற்காலில உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க. ரெண்டாவது தடவ கால கொஞ்சம் தூக்கிக்கச் சொன்னேன், தூக்கிக்கிட்டீங்க."

நான்கு புள்ளி. என் ஞாபகம் சரிதான்.

படுக்கையறைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரே ஒரு போலிகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. என் காலுக்கு அடியிலேயே போயிருக்கிறது, காலைத் தூக்கி வழியும் விட்டிருக்கிறேன். அவமானமா, சிரிப்பா, என்னவென்று தெரியவில்லை. வெளியே இருவரும் அடக்க மாட்டாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. பெரிய தவளை கண்ணாடியில் வெறும் விரல்களை ஊன்றி என்னையே பார்த்தது. எனக்கும் மூக்குக்கு நேரே கொண்டுவந்து ஆட்டிக் காட்டினால்தான் தெரியும் போலிருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் காபி ஆற்றிக்கொண்டே மகள் சொன்னாள். "அந்த லெட்டர் விஷயத்துல கோவம் இன்னும் இருக்குப்பா. தெனமும் ரெண்டு மணி நேரம் பஸ்ல போறப்ப வரும். அது தனி ஃபைல்."

சரி என்றேன். அது எப்போது முடியும் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

மூன்று பேரும் கடைக்குப் போனோம், வக்கீலுக்குத் துணை வாங்க. கடைக்காரர் என்னைக் கண்டதும் தானாகவே ஒரு லென்ஸை நீட்டினார். மகள் என் தலையைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் திருப்பி, "கை" என்றாள். பார்த்தேன். நான்கிலும் ஜவ்வு.

பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதன் மேல் என்ன தப்பு? மகள் அதற்கு 'நகல்' என்று பெயர் வைத்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

கிளம்பினாள். அலமாரிக் கதவில் இருந்த தாளில் தலைப்பை அடித்து "அப்பாவுக்கு" என்று மாற்றியிருக்கிறாள். பதினொன்றாவது விதியை அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு டிக் மட்டும் போட்டிருக்கிறாள்.

நவம்பர் 8, சனி

வக்கீல் பாடியது.

டிசம்பர் 11, வியாழன்

நேற்று பதிவுத் தபாலில் வந்த ஒரு உறையை மனைவி காலையில் எடுத்துக் கொடுத்தாள், அவளுக்கு இன்று லீவு. உள்ளே மகளின் முதல் பருவ மதிப்பெண் பட்டியல், அசல். கூட ஒரு சின்னத் தாள்: "ரூம்ல நாலு பேர், பத்திரமா வைக்க எடமில்ல. நீங்களே வெச்சிருங்கப்பா."

உறையிலிருந்து எடுத்த கையோடு என் கால் தானாக ஜன்னல் பக்கம் நடந்தது. நல்ல காலை வெயில், தாளைத் தூக்கிப் பிடிக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. பாதி வழியில் நின்றேன். மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நிற்கவில்லை.

அலமாரியைத் திறந்து, அவளுடைய கோப்பில் வைத்து, சாத்தினேன்.

பிறகு தவளைகளுக்குப் புழு கொடுத்தேன். ஹாலில் மூன்று, படுக்கையறையில் ஒன்பது. அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் மூடிகளை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தேன்.